ரியர் விண்டோ (1954): ட்விஸ்டே இல்லாத படம், ஆனா ஏன் இப்படி பதறுது?

கடைசிபெஞ்ச்_தினேஷ்:

மக்களே வணக்கம். டைரக்டர் ஹிட்ச்காக்கோட ரியர் விண்டோ இந்த வாரம்தான் பாத்தேன், பாத்ததுல இருந்து ஒரு கேள்வி மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருக்கு, இங்க சினிமா வேலை தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்கீங்கன்னு கேக்குறேன். ஸ்பாய்லர் நிறைய வரும், படம் பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க ப்ளீஸ்.

கதைன்னு எடுத்துக்கிட்டா நாலு வரிதான். நியூயார்க்ல கிரீனிச் வில்லேஜ் ஏரியாவுல ஜெஃப்னு ஒரு பத்திரிகை ஃபோட்டோகிராஃபர், கால் உடைஞ்சு மாவுக்கட்டோட வீல்சேர்ல கிடக்குறான், வெயில் கொளுத்துது, பொழுது போகல, பின்பக்க ஜன்னல் வழியா எதிர்வீட்டுக்காரங்களையே பாத்துட்டு இருக்கான், அதுல தார்வால்டுன்னு ஒரு சேல்ஸ்மேன் படுத்த படுக்கையா இருந்த தன் பொண்டாட்டிய கொன்னுட்டானோன்னு சந்தேகம் வருது. கொலைய காட்டவே இல்ல, ரத்தம் இல்ல, சேஸிங் இல்ல. நான் கடைசி வரைக்கும் ஏதோ ஒரு பெரிய ட்விஸ்ட் வரும், பொண்டாட்டி உயிரோட இருப்பா, இல்ல நர்ஸ்தான் கொலைகாரின்னு ஏதாவது வரும்னு உக்காந்திருந்தா, யாரை சந்தேகப்பட்டானோ அவனேதான் கொலைகாரன்.

ஆனா கடைசி அரை மணி நேரம் எனக்கு கை எல்லாம் வேர்த்துடுச்சு. அதான் புரியல. இப்ப வர்ற த்ரில்லர்ல அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு திருப்பம் வைக்கிறாங்க, அதெல்லாம் பாத்துட்டு அடுத்த நாளே மறந்துடறேன். ஒரே ரூமை விட்டு கேமரா நகராத படம் எப்படி இப்படி பிடிச்சு வெச்சுது, இதை எப்படித்தான் எடுத்தாங்க? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.


செட்டுப்பலகை_மணி:

தம்பி, நான் ஆர்ட் டிபார்ட்மென்ட்ல இருக்கேன், அதனால என் பக்கத்துல இருந்து சொல்றேன். இந்தப் படத்துல திரைக்கதையில பாதி அந்த செட்லதான் எழுதி இருக்கு.

நீ பாத்த அந்த முற்றம், எதிர்வீடு, பக்கத்து மாடி எல்லாமே ஹாலிவுட்ல பாரமவுண்ட் ஸ்டுடியோவோட 18ம் நம்பர் ஃப்ளோர்ல போட்ட செட்டு. 98 அடி அகலம், 185 அடி நீளம், 40 அடி உயரம், மொத்தம் 31 வீடு. ஆர்ட் டைரக்‌ஷன் ஹால் பெரேராவும் ஜோசப் மக்மில்லன் ஜான்சனும். இவ்ளோ உயரத்துக்கு பில்டிங் நிக்கணும்னா ஃப்ளோருக்குள்ள ஹைட் பத்தல, அதனால என்ன பண்ணாங்கன்னா தரையவே பேத்து எடுத்துட்டு கீழ இருந்த பேஸ்மென்ட்டை முற்றமா மாத்திட்டாங்க. ஜெஃப் வீடு மாடியில இருக்குற மாதிரி தெரியுதுல்ல, உண்மையில அது ஸ்டுடியோ தரை மட்டத்துலதான் இருந்துச்சு, தோட்டம்தான் பள்ளத்துல இருந்துச்சு. மழை சீன் இருக்குறதால அந்தத் தண்ணி வடிய வழியும் சேர்த்தே பண்ணி இருந்தாங்க.

லைட்டிங் அதுக்கு மேல. காலை, உச்சி வெயில், சாயங்காலம், ராத்திரின்னு மாறிக்கிட்டே இருக்குது பாரு, ஒவ்வொரு தடவையும் லைட்டை கழட்டி மாட்டிக்கிட்டு இருந்தா ஷூட்டிங் முடியவே முடியாது. கேமராமேன் ராபர்ட் பர்க்ஸ் முன்கூட்டியே ஆயிரத்துக்கும் மேல லைட்டை கட்டி வெச்சு, பகலுக்கு ஒரு செட்டு ராத்திரிக்கு ஒரு செட்டுன்னு சுவிட்சுல மாத்துற மாதிரி வெச்சிருந்தாரு. அந்தக் காலத்து கலர் ஃபிலிமுக்கு வெளிச்சம் எக்கச்சக்கமா வேணும், அவ்ளோ லைட்டுக்கு நடுவுல அந்த செட்டுக்குள்ள சூடு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாரு. படத்துல தெரியுற புழுக்கத்துக்கு பாதி காரணம் அதுவாத்தான் இருக்கணும்னு எனக்கு தோணும்.

நடிகர்கள் எதிர்வீட்டுல, டைரக்டரும் கேமராவும் ஜெஃப் ரூம்ல. கத்தி சொன்னா கேக்காது. அதனால எதிர்ப்பக்கம் நடிக்கிறவங்க காதுல தோல் கலர்ல சின்ன ரேடியோ ரிசீவர் மாட்டி விட்டு, ஹிட்ச்காக் இங்க இருந்தே மைக்ல பேசி டைரக்ட் பண்ணாரு. அவரே ஒரு ஷாட்ல வர்றாரு, கவனிச்சியா? பாட்டு கம்போஸ் பண்றவன் வீட்டுல நின்னு கடிகாரத்துக்கு சாவி குடுத்துட்டு இருப்பாரு.

இப்ப உன் கேள்விக்கு வர்றேன். அந்த எதிர்வீடுங்களுக்கு நடுவுல ஒரு சின்ன சந்து இருக்கும், அது வழியா மெயின் ரோடு ஒரு துண்டு மட்டும் தெரியும், ஞாபகம் இருக்கா? ஆளுங்க, காரு எல்லாம் ஒரு செகண்ட் தெரிஞ்சு மறைஞ்சிடும். தார்வால்டு வீட்டை விட்டு கிளம்புனான்னா அந்த சந்துல தெரியுற வரைக்கும்தான் அவன் நமக்கு சொந்தம், அதுக்கப்புறம் எங்க போறான்னு தெரியாது, எப்ப திரும்புவான்னும் தெரியாது. அதே மாதிரி அவன் வீட்டை பாரு, பெட்ரூமுக்கு ஒரு ஜன்னல், ஹாலுக்கு ஒரு ஜன்னல், வெளிய காரிடாருக்கு ஒரு ஜன்னல், நடுவுல செங்கல் சுவர். ஒரு ஜன்னல்ல இருந்து இன்னொரு ஜன்னலுக்கு போறப்ப அவன் சுவருக்குப் பின்னாடி மறைஞ்சிடுவான், அந்த ரெண்டு செகண்டு நம்ம மனசுதான் அதை நிரப்பணும். கொலைகூட அப்படித்தான், ஜன்னல் திரைய இறக்கி விட்டுட்டான், ஒரு சத்தம் மட்டும் கேக்குது. எதை காட்டணும்ங்கிறதை விட எந்த இடத்துல சுவர் வரணும்னு யோசிச்சு போட்ட செட்டு அது. இந்த தொழில்ல இருக்குறவங்க எல்லாரும் உக்காந்து படிக்க வேண்டிய செட்டு.


நிலா_ப்ரியா:

மணி அண்ணா சொன்னது அருமை. தினேஷ், நீங்க ட்விஸ்ட் இல்லன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் விஷயமே. ட்விஸ்ட்னா நமக்கு தெரியாத ஒண்ணை கடைசில எடுத்து நீட்டுறது. இந்தப் படம் வேலை செய்யுறது வேற மாதிரி, நமக்கு என்ன தெரியும், ஜெஃப்க்கு என்ன தெரியும், தார்வால்டுக்கு என்ன தெரியும், இந்த மூணு கணக்கையும் ஒவ்வொரு நிமிஷமும் மாத்திக்கிட்டே இருக்கும்.

கிட்டத்தட்ட முழு படமும் ஜெஃப் கண்ணு வழியாத்தான் பாக்குறோம். அவன் பாக்குறான், கட், எதிர்ல என்ன இருக்குன்னு காட்டுறாங்க, கட், அவன் முகம் என்ன ஆகுதுன்னு காட்டுறாங்க. இந்த மூணு ஷாட்டை வெச்சே படம் நகருது. ஹிட்ச்காக்கே பிரெஞ்சு டைரக்டர் ட்ரூஃபோகிட்ட பேசுறப்ப இதை சொல்லி இருக்காரு, ஜெஃபா நடிச்ச ஜேம்ஸ் ஸ்டூவர்ட் சிரிக்கிற அதே ஷாட்டுக்கு முன்னாடி கூடையில இறங்கி வர்ற நாய்க்குட்டிய வெச்சா அவரு நல்ல மனுஷன், அரைகுறை டிரெஸ்ல ஆடுற பொண்ணை வெச்சா அவரு மோசமான ஆளு. நடிகர் ஒண்ணுமே மாத்தல, நம்மதான் மாத்திக்கிறோம். ரஷ்யாவுல குலஷோவ், புடோவ்கின்னு டைரக்டர்கள் எல்லாம் 1920கள்ல செஞ்சு பாத்த விஷயம், ஆனா அதை வெச்சு ஒரு முழு நீள கமர்ஷியல் படத்தையே கட்டுனது இவர்தான்னு நான் நம்புறேன்.

நீங்க கை வேர்த்துதுன்னு சொன்ன இடம் எதுன்னு எனக்கு தெரியும், மோதிரம் சீன்தானே? அதை கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி பாருங்க. ஜெஃபோட காதலி லிசா (கிரேஸ் கெல்லி) செத்துப்போன பொண்டாட்டியோட கல்யாண மோதிரத்தை தேடி தார்வால்டு வீட்டுக்குள்ள ஏறி குதிச்சு போயிடறா. அந்த நேரம் பாத்து கீழ் வீட்டுல தனிமையில இருக்குற பொம்பள மாத்திரைய கையில கொட்டிக்கிட்டு உக்காந்திருக்கா, ஜெஃபும் நர்ஸ் ஸ்டெல்லாவும் அதை பாத்து பதறி போன் பண்ண போறாங்க, நம்மளும் அங்கயே பாத்துட்டு இருக்கோம், அதுக்குள்ள மேல காரிடார்ல தார்வால்டு வந்துட்டான். ஜெஃப் முற்றத்துக்கு இந்தப் பக்கம், ஒண்ணும் பண்ண முடியாது, கத்தவும் முடியாது. லைட்டு அணையுது, லிசா அவன் பேரை சொல்லி கத்துறா. போலீஸ் வந்தப்புறம் அவ ஜன்னலுக்கு முதுகை காட்டிக்கிட்டு நின்னு, பின்னாடி கையில மாட்டி இருக்குற மோதிரத்தை இன்னொரு விரலால காட்டுறா, கிடைச்சிடுச்சுன்னு ஜெஃப்க்கு சொல்றா. ஜெஃப் கேமரா லென்ஸ் வழியா அதை பாக்குறான். தார்வால்டும் அந்தக் கையை பாக்குறான். இவ யாருக்கு காட்டுறான்னு யோசிக்கிறான். அப்படியே மெதுவா தலைய தூக்கி நேரா லென்ஸுக்குள்ள, நம்ம கண்ணுக்குள்ள பாக்குறான்.

ஒன்றரை மணி நேரமா இருட்டுல உக்காந்து அடுத்தவன் வீட்டை எட்டிப் பாத்துட்டு இருந்தது ஜெஃப் மட்டுமா? நம்மளும்தான். மாட்டிக்கிட்டதும் நம்மதான். அதனாலதான் கை வேர்க்குது.


கடைசிபெஞ்ச்_தினேஷ்:

அக்கா அதே சீன்தான்!! அவன் இந்தப் பக்கம் பாத்தப்ப நான் நிஜமாவே பின்னாடி நகந்துட்டேன். மணி அண்ணே அந்த சந்து விஷயம் சத்தியமா கவனிக்கல, திரும்ப பாக்கணும்.


வைகை_சரவணன்:

எல்லாம் சரிதான் நண்பர்களே, எனக்கும் ரொம்ப பிடிச்ச படம்தான், ஆனா ஒரு இடத்துல எனக்கு எப்பவுமே நெருடும். மழை பெஞ்ச அந்த ராத்திரி தார்வால்டு அலுமினியப் பெட்டிய தூக்கிக்கிட்டு திரும்பத் திரும்ப வெளிய போயிட்டு வர்றான், ஜெஃப் தூக்கத்தோட போராடி பாத்துட்டே இருக்கான், கடைசில கண் அசந்துடறான். அப்ப கேமரா மட்டும் தனியா, அவன் தூங்கிட்டு இருக்கும்போதே, தார்வால்டு கருப்பு டிரெஸ் போட்ட ஒரு பொம்பளையோட வீட்டை விட்டு போறதை நமக்கு காட்டுது. படம் முழுக்க ஜெஃப் பாக்குறதை மட்டும்தான் காட்டுவோம்னு ஒரு ஒழுங்கு வெச்சுட்டு இங்க மட்டும் ஏன் உடைக்கணும்? அந்த ஷாட்டை தூக்கிட்டா படம் இன்னும் சுத்தமா இருந்திருக்கும்னு நினைக்கிறேன்.


நிலா_ப்ரியா:

சரவணன், இதுல நான் உங்களுக்கு நேர் எதிர். அந்த ஒரு ஷாட் இல்லன்னா படம் பாதி பலம் போயிடும்.

யோசிச்சுப் பாருங்க, அந்த ஷாட் இல்லாம இருந்தா நமக்கும் ஜெஃப்க்கும் ஒரே அறிவு, அவன் சந்தேகப்பட்டா நம்மளும் சந்தேகப்படுவோம், துப்பறியும் நண்பன் டாயில் வந்து "அவ காலையில புருஷனோட கிளம்பி ஊருக்கு போயிட்டா, பாத்தவங்க இருக்காங்க"ன்னு சொல்றப்ப ஜெஃப் மாதிரியே அது கட்டுக்கதைன்னு தள்ளிட்டு போயிடுவோம். ஆனா நம்ம அந்தப் பொம்பளைய பாத்துட்டோம். அதனால டாயில் சொல்றப்ப நமக்குள்ள ஒரு நடுக்கம், ஐயோ ஜெஃப் தப்பா இருப்பானோ, ஒரு நிரபராதியைப் போய் இந்தப் பாடு படுத்துறோமோன்னு. நம்ம ஆளு மேலயே நமக்கு சந்தேகம் வருது. ஹிட்ச்காக் ரூலை மறந்துட்டு உடைக்கல, இந்த இடத்துல உடைக்கணும்னே அதுவரைக்கும் காப்பாத்தி வெச்சிருந்தாரு.

இன்னொரு இடத்துலயும் கேமரா வெளிய வரும், அந்த நாய்க்குட்டி செத்த ராத்திரி. மேல் வீட்டு அம்மா பால்கனியில நின்னு அக்கம்பக்கம்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கெல்லாம்னு கதறுறாங்க, எல்லா ஜன்னல்லயும் ஆளுங்க வந்து எட்டிப் பாக்குறாங்க, அப்பதான் முதல் முறையா அந்த முகங்களை கிட்டத்துல, முற்றத்துக்கு உள்ள இருந்து பாக்குறோம். எல்லாரும் வந்துட்டாங்க, ஒரே ஒரு வீடு மட்டும் இருட்டு. அந்த இருட்டுக்குள்ள சிகரெட் நுனி மட்டும் ஒரு தடவை பளிச்சுனு எரிஞ்சு மங்குது. தார்வால்டு உள்ளதான் உக்காந்திருக்கான், எழுந்து வரல. ஜெஃப்க்கு சந்தேகம் உறுதியாகுறது அங்கதான். எவ்ளோ சின்ன விஷயம், எவ்ளோ பெரிய வேலை செய்யுது.


வைகை_சரவணன்:

டாயில் பத்தி சொன்னது நல்ல பாயின்ட், அந்தக் கோணத்துல யோசிச்சதில்ல. ஆனாலும் எனக்கு அந்த ஷாட் கொஞ்சம் உறுத்தும், அது என் ரசனை, விட்டுடுவோம். சிகரெட் சீன்ல மறுபேச்சே இல்ல.


சவுண்டு_மிக்சர்:

யாருமே சத்தத்தை பத்தி பேசலையே, அதான் வந்தேன். இந்தப் படத்துக்கு இசை ஃப்ரான்ஸ் வாக்ஸ்மேன், ஆனா டைட்டில் ஓடுறப்ப ஒரு ஜாஸ் வரும், அதுக்கப்புறம் நம்ம பழகுன மாதிரி பேக்ரவுண்ட் ஸ்கோர்னு ஒண்ணு சீனுக்கு மேல ஏறி உக்காராது. இசை, பாட்டு எல்லாமே அந்த முற்றத்துக்குள்ள இருந்துதான் வரும், யாரோ ரேடியோ வெச்சிருக்காங்க, டான்ஸ் பொண்ணு வீட்டுல ரெக்கார்டு ஓடுது, தூரத்துல கப்பல் சங்கு, தெருவுல பசங்க கத்துறது, காரு ஹாரன். எந்த வீட்டுல இருந்து வருதோ அந்த தூரத்துக்கு ஏத்த மாதிரி மங்கி, சுவர்ல மோதி வர்ற மாதிரி இருக்கும். அந்தக் காலத்து மோனோ சவுண்டுலயே அந்த ஆழத்தை கொண்டு வந்திருக்காங்க, ஹெட்போன் போட்டு கேட்டுப் பாருங்க, இன்னிக்கு வேலை பாக்குற எங்களுக்கே பொறாமையா இருக்கும். ஆஸ்கர்ல நாலு நாமினேஷன் போச்சு, டைரக்‌ஷன், திரைக்கதை, ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, நாலுல ஒண்ணுகூட கிடைக்கல, அது எனக்கு இன்னமும் வருத்தம்.

அந்த கம்போசர் பையன் இருக்கான்ல, படம் ஆரம்பத்துல இருந்து ஒரு மெட்டை போட்டு போட்டு பாத்துட்டு இருப்பான், சரியா வராது, குடிச்சுட்டு பேப்பரை எல்லாம் தூக்கி வீசுவான், மறுபடி உக்காருவான். கொலை விசாரணை ஒரு பக்கம் போக, இன்னொரு பக்கம் அந்தப் பாட்டு கொஞ்சம் கொஞ்சமா வளந்துட்டே வரும். மோதிரம் சீன்ல மாத்திரைய எடுத்த அந்த பொம்பள ஏன் நிறுத்துறா? அந்தப் பாட்டை கேட்டுத்தான். மேல லிசாவுக்கு உயிர் போற ஆபத்து, கீழ ஒரு உயிர் பாட்டால தப்பிக்குது, ரெண்டும் ஒரே நேரம், ஒரே மெட்டு ரெண்டு சீனுக்கும் மேல ஓடுது. கடைசில அவங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து அந்த ரெக்கார்டை கேட்டுட்டு இருப்பாங்க. பாட்டு பேரே லிசாதான். அந்த கம்போசரா நடிச்ச ராஸ் பக்தசாரியன் நிஜத்துலயும் பாட்டு எழுதுறவரு, பின்னாடி ஆல்வின் அண்ட் த சிப்மங்க்ஸ்ங்கிற கார்ட்டூன் பாட்டுக் குழுவை உருவாக்குனது அவர்தான்.

க்ளைமாக்ஸ்ல பாருங்க, போன் அடிக்குது, டாயில்தான்னு நினைச்சு ஜெஃப் எடுத்த உடனே படபடன்னு எல்லாத்தையும் சொல்லிடறான். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்ல. அப்புறம் டொக்னு வெக்குற சத்தம். அவ்ளோதான், அவனுக்கும் தெரிஞ்சிடுச்சு நமக்கும் தெரிஞ்சிடுச்சு. அடுத்து கீழ கதவு, படிக்கட்டுல கனமான காலடி, ஏறி ஏறி வருது, கதவுக்கு அடியில தெரியுற வெளிச்சம் அணையுது. ஒரு வயலின்கூட இல்ல. இன்னிக்கு எந்த டைரக்டர்கிட்டயாவது போய் இந்த இடத்தை வெறும் காலடி சத்தத்தோட விட்டுடலாம் சார்னு சொன்னா ஒத்துக்க மாட்டாங்க.


கடைசிபெஞ்ச்_தினேஷ்:

அண்ணே அந்த போன் சீன்!! செத்தேன். ஆனா அதுக்கப்புறம் அவன் உள்ள வந்து "என்கிட்ட உனக்கு என்ன வேணும், பணமா, என்கிட்ட பணம் இல்ல"ங்கிற மாதிரி கேப்பான்ல, அப்ப எனக்கு அவன் மேல பாவமா போச்சு. கொலைகாரன் மேல ஏன் பாவம் வரணும்னு அதுவும் ஒரு குழப்பம்.


நிலா_ப்ரியா:

பாவம் வரணும்னுதான் அப்படி எடுத்திருக்காங்க தினேஷ். அதுவரைக்கும் அவன் தூரத்துல ஒரு பொம்மை மாதிரி ஜன்னலுக்குள்ள நடமாடிட்டு இருந்தான், குரலே சரியா கேட்டதில்ல. பக்கத்துல வந்தா வயசான, களைச்சுப்போன, கண்ணாடி போட்ட ஒரு ஆளு. தார்வால்டா நடிச்ச ரேமண்ட் பர் அந்தப் படத்துல முப்பதுகள்ல இருந்த நடிகர், தலைமுடிய நரைக்க வெச்சு ஆளையே மாத்தி இருக்காங்க. ஜெஃப்கிட்ட ஆயுதம் எதுவும் இல்ல, கேமராவோட ஃப்ளாஷ் பல்பு மட்டும்தான். கண்ணை மூடிக்கிட்டு பளிச்சுனு அடிக்கிறான், தார்வால்டுக்கு கண்ணு கூசி எல்லாம் ஆரஞ்சு சிவப்பா மங்குது, நின்னு கண்ணாடிய சரி பண்ணிக்கிட்டு மறுபடி வர்றான், மறுபடி பல்பு மாத்தி அடிக்கிறான். இத்தனை நேரம் பாத்துட்டே இருந்தவன் கடைசில அடுத்தவன் கண்ணை மறைச்சுத்தான் உயிர் பிழைக்கிறான். அங்கயும் அவன் கேக்குற கேள்விக்கு ஜெஃப்கிட்ட பதில் இல்ல, கவனிங்க.

லிசாவை பத்தி ஒரு வார்த்தை சொல்லாம விட முடியாது. நிறைய பேர் கிரேஸ் கெல்லி அழகு, எடித் ஹெட் டிசைன் பண்ண டிரெஸ் அழகுன்னு சொல்லிட்டு போயிடறாங்க. ஆனா படத்துக்குள்ள ரெண்டாவது கதை ஒண்ணு ஓடுதுன்னா அது அவளோடதுதான். அவளுக்கு கல்யாணம் பண்ணிக்கணும், ஜெஃப்க்கு பயம், இவ பட்டு உடுத்துற பொண்ணு என்கூட காடு மேடெல்லாம் வர மாட்டான்னு சாக்கு சொல்லிட்டு இருக்கான். எதிர்ல இருக்குற ஜன்னல் எல்லாத்தையும் பாருங்க, புதுசா கல்யாணம் ஆன ஜோடி, குழந்தை இல்லாம நாய் வளக்குற ஜோடி, துணை இல்லாம தவிக்கிற பொம்பள, பொண்டாட்டி நச்சரிப்பு தாங்காம கொன்னவன். அவன் பயப்படுற கல்யாணம் ஒவ்வொரு ஜன்னல்லயும் ஒவ்வொரு மாதிரி தெரியுது. அங்க பொண்டாட்டி படுக்கையில, புருஷன் பணிவிடை பண்றான், இங்க ஜெஃப் நாற்காலியில, லிசா சாப்பாடு கொண்டு வர்றா, அப்படியே தலைகீழ். கடைசில அந்த வீட்டுக்குள்ள ஏறி குதிச்சு போற தைரியம் யாருக்கு வந்துது? அவ விரல்ல மாட்டிக்கிட்டு காட்டுனது கொலைக்கு சாட்சி மட்டும் இல்ல, அது ஒரு கல்யாண மோதிரமும்கூட. ட்ரூஃபோவும் இதை எடுத்துச் சொல்லி இருக்காரு. சஸ்பென்ஸ் படத்துல காதல் கதைய ஒட்ட வெக்காம, ரெண்டையும் ஒரே பொருள்ல முடிச்சுப் போட்டது இதுலதான் எனக்கு பெரிய பிரமிப்பு.


பழையபேப்பர்:

நல்ல திரி, மூலக்கதையப் பத்தியும் கொஞ்சம் சேர்த்துக்கறேன். இது கார்னெல் வூல்ரிச் எழுதி 1942ல டைம் டிடெக்டிவ் பத்திரிகையில வந்த சிறுகதை. அதுல லிசாவே கிடையாது, நர்ஸ் ஸ்டெல்லாவும் கிடையாது, சாம்னு ஒரு வேலைக்காரர்தான் எடுபிடி வேலை எல்லாம் பாப்பாரு. கதை சொல்றவனுக்கு கால் உடைஞ்சிருக்குங்கிறதே கடைசிலதான் தெரிய வரும். கம்போசர், டான்ஸ் பொண்ணு, தனிமைப் பொம்பளன்னு நிலா மேடம் சொன்ன அந்த ஜன்னல் உலகத்தை இவ்ளோ விரிச்சது ஹிட்ச்காக்கும் திரைக்கதை எழுதுன ஜான் மைக்கேல் ஹேய்ஸும்தான். ஹேய்ஸோட மனைவி மாடலா இருந்தவங்க, லிசாவுக்கு அவங்க சாயல் உண்டு. பிணத்தை என்ன பண்ணான்ங்கிற விஷயத்துக்கு ஹிட்ச்காக் நிஜமா நடந்த ரெண்டு பிரிட்டிஷ் கொலை வழக்குல இருந்து எடுத்துக்கிட்டாரு, 1910 க்ரிப்பன் வழக்கு, 1924 பேட்ரிக் மஹோன் வழக்கு. செத்துப்போன மனைவியோட நகைய இன்னொரு பொண்ணு போட்டிருந்ததை வெச்சு சந்தேகம் வந்தது க்ரிப்பன் வழக்குல, அதுதான் இங்க மோதிரமா மாறுச்சு.

இந்தக் கதையால இன்னொரு பெரிய கூத்தும் நடந்துச்சு. வூல்ரிச் இந்தக் கதையோட சேர்த்து ஆறு கதையோட சினிமா உரிமைய 1945ல 9,250 டாலருக்கு குடுத்திருந்தாரு. ஸ்டூவர்ட்டும் ஹிட்ச்காக்கும் சேர்ந்து வெச்சிருந்த கம்பெனி 1953ல இந்தக் கதைய மட்டும் 10,000 டாலர் குடுத்து வாங்குச்சு. அந்தக் கால அமெரிக்க சட்டப்படி காப்பிரைட்டை 28 வருஷத்துல புதுப்பிக்கணும், அதுக்கு முன்னாடியே 1968ல வூல்ரிச் இறந்துட்டாரு. அப்புறம் புதுப்பிச்ச உரிமைய ஷெல்டன் அபெண்டுன்னு ஒருத்தர் 650 டாலரும் வருமானத்துல ஒரு பங்கும்னு பேசி வாங்கி வெச்சுக்கிட்டு கேஸ் போட்டாரு, அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1990ல அபெண்டுக்கு சாதகமா தீர்ப்பாச்சு. எழுத்தாளர் புதுப்பிக்கிறதுக்கு முன்னாடி இறந்துட்டா, அவர் குடுத்திருந்த பழைய வாக்கு அந்த புது காலத்துக்கு செல்லாதுன்னு. பழைய கதைய வெச்சு படம் எடுத்த எல்லா ஸ்டுடியோவும் பயந்து போன தீர்ப்பு அது.

நடுவுல ரொம்ப வருஷம் இந்தப் படத்தை யாரும் தியேட்டர்ல பாக்கவே முடியல. ரோப், வெர்டிகோன்னு ஹிட்ச்காக் கையில உரிமை இருந்த அஞ்சு படம் வெளிய வராமலே கிடந்துச்சு, அவர் இறந்தப்புறம் 1983ல இருந்துதான் மறுபடி ரிலீஸ் ஆச்சு. அதுக்குள்ள ஒரிஜினல் நெகட்டிவ்ல மஞ்சள் சாயம் பெரும்பகுதி போயிடுச்சு, ராபர்ட் ஹாரிஸும் ஜேம்ஸ் காட்ஸும் உக்காந்து மீட்டெடுத்த பிரிண்ட் 2000ல வந்துச்சு.


கடைசிபெஞ்ச்_தினேஷ்:

இவ்ளோ விஷயம் ஒரே திரியில கிடைக்கும்னு எதிர்பாக்கல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. திரும்ப பாக்க போறேன், இந்த தடவை எதை முதல்ல கவனிக்கணும்னு ஒண்ணு மட்டும் சொல்லுங்க.


செட்டுப்பலகை_மணி:

முதல் ரெண்டு மூணு நிமிஷத்தை மட்டும் தனியா பாரு தம்பி. டைட்டில் முடிஞ்சு கேமரா முற்றத்தை ஒரு சுத்து சுத்திட்டு ரூமுக்குள்ள வரும். தெர்மாமீட்டர் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டை தாண்டி நிக்கும், ஜெஃபோட வேர்த்த நெத்தி, மாவுக்கட்டு, அதுல எழுதி இருக்குற பேரு, நொறுங்கிப்போன ஒரு கேமரா, சக்கரம் கழண்டு பறந்து வர்ற ரேஸ் கார் ஃபோட்டோ, அப்புறம் ஒரு பொண்ணு முகத்தோட நெகட்டிவ் ஃப்ரேம் போட்டு வெச்சிருக்கும், பக்கத்துல அதே முகம் அட்டையில வந்த பத்திரிகை அடுக்கு. யாருமே அவனைப் பத்தி ஒரு வார்த்தை பேசல, ஆனா ஆளு யாரு, என்ன தொழில், கால் எப்படி உடைஞ்சுது, எப்படிப்பட்ட வேலைய விட்டுட்டு எப்படிப்பட்ட வேலை பாக்க வேண்டியிருக்குன்னு எல்லாம் வந்திடும். ஒவ்வொரு பொருளா நிறுத்தி பாத்து, இது ஏன் இங்க இருக்குன்னு எழுதி வை. அப்புறம் வந்து இங்க போடு, அந்த ஜன்னல்களை ஒண்ணொண்ணா பேசலாம்.